அட்டவணையில் இல்லாமல் குணமானவர்

இடுப்பெலும்பில் அடித்திருந்த ஆணி விடிகாலை ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டது. எமில் பாபிக் அதற்குப் பிறகுதான் விழித்தார். வலி தொடை வழியாக இறங்கி, முழங்காலில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு, மறுபடி மேலே ஏறியது. அந்த உடம்பு தன் பேரில் எழுதிவைக்கப்பட்டதுபோல நடமாடியது.

எழுபத்தெட்டு வயது. எஃகு ஆலையின் கரி உலைகளுக்கு மேலே முப்பத்தெட்டு வருஷம் நின்ற ஆள். பூட்ஸுக்கு அடியில் மரக்கட்டை கட்டாமல் நின்றால் பாதம் வெந்துவிடும் இடம் அது. அங்கெல்லாம் உடையாத எலும்பு, மார்ச் மாதத்து உறைபனியில் குப்பைத் தொட்டியை இழுக்கும்போது உடைந்தது. ஆஸ்பத்திரியில் ஆணி அடித்து, ஆற்றங்கரையில் இருந்த 'ஆர்ச்சர்ட் கிரேஸ்' முதியோர் வளாகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்று வாரம் நடைப்பயிற்சி, அப்புறம் வீடு என்று பேச்சு. ஆர்ச்சர்ட் என்றால் பழத்தோட்டம். சுற்றிலும் கார் நிறுத்தும் தளம்தான் இருந்தது. பழம் என்று சொல்ல உள்ளே படுத்திருந்தவர்கள்தான்.

முதல் நாள் காலையில் நர்ஸ் ஒரு அட்டையோடு வந்தாள்.

"நாம எப்படித் தூங்கினோம், செல்லம்?"

"நான் தூங்கல. நீ தூங்கினியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அட்டையில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரித்தது, கடைசி முகம் அழுதது. "நம்ம வலி எந்த முகம், சொல்லுங்க பார்ப்போம்?"

எமில் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். "குறையொண்ணும் இல்ல."

இது பொய் இல்லை, பழக்கம். ஆலை வாசலில் கையில் காகிதத்தோடு ஒருவன் நிற்பான். எங்கேயாவது வலிக்கிறதா என்பான். வலிக்கிறது என்றவனைத் திருப்பி அனுப்புவான். அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் விரல் நசுங்கியவனும் கையைப் பையில் விட்டுக்கொண்டு "குறையொண்ணும் இல்ல" என்று சொல்லி உள்ளே போவான். ஆலைகள் நிறைந்த அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பிளைகள் பிரசவ வலி கண்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நர்ஸ் அவர் நெற்றியில் வழிந்த வியர்வையைப் பார்த்தாள். கைக்கணினியில் தட்டினாள்: 'தன் வலியைத் தானே அறியாதவர்.'

அறியாதவர் என்று பதிவானதும் மதியமே ஒரு இளைஞன் மூளையைச் சோதிக்க வந்தான். என்ன தேதி, என்ன கிழமை, மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னார். கடைசிக் கேள்வி.

"நீங்க வீட்டுல இருக்கீங்க. புகை வருது. என்ன பண்ணுவீங்க?"

"என்ன நிறப் புகை?"

இளைஞன் காகிதத்தைப் பார்த்தான். "நிறம் போடல."

"நிறம் தெரியாம எப்படிப்பா சொல்றது? மஞ்சப் புகைன்னா கரி இன்னும் வேகல. கறுப்புன்னா கதவு சரியா மூடல. வெள்ளைன்னா வெறும் ஆவி, பயமில்ல. இந்தக் கேள்விய எழுதினவன் புகையப் பாத்திருக்கானா, இல்லையா?"

"சும்மா ஒரு புகைன்னு வெச்சுக்குங்களேன்."

"அப்ப கிட்டப் போய்ப் பாப்பேன்."

சரியான விடை, வீட்டை விட்டு வெளியே ஓடுவது. கிட்டப் போய்ப் பார்த்துத்தான் எமில் முப்பத்தெட்டு வருஷம் சாப்பிட்டார். அது விடைத்தாளில் இல்லை. 'ஆபத்தை நோக்கி நடக்கும் இயல்பு. தீர்மானத் திறன் குறைவு' என்று பதிவானது. சாயங்காலம் அவர் நாற்காலியில் ஒரு தட்டையான மெத்தை வைத்தார்கள். அவர் எழுந்தால் அது ஊளையிடும். நடக்கக் கற்றுக்கொடுக்க அழைத்துவந்த இடத்தில், எழுந்து நின்றால் நாலு பேர் ஓடிவந்து உட்காரவைத்தார்கள்.

"பழகிடும்," என்றார் பக்கத்துக் கட்டில் லெஸ் ஒரவெக். ஆற்றில் நிலக்கரிப் படகு ஓட்டியவர், முழங்காலில் அறுவை. "நானும் மூணு வாரத்துக்குன்னுதான் வந்தேன். இங்க ரெண்டு கிறிஸ்துமஸ் பாத்துட்டேன்."

"உன் கால் சரியாகலையா?"

"கால் சரியாயிடுச்சு. அப்புறம் உக்காந்து உக்காந்து இன்னொரு கால் போயிடுச்சு."

எமிலுக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும் நேரம் இல்லை. வீட்டில் வெர்னா தனியாக இருந்தாள். ஐம்பத்தியொரு வருஷ மனைவி. இரண்டு வருஷமாகப் பெயர்கள் அவளை விட்டு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அடுப்பைப் பற்றவைப்பாள், எதற்கென்று மறந்துவிடுவாள். எமில் பக்கத்தில் இருந்தால் எல்லாம் நடக்கும். இப்போது பக்கத்து வீட்டு ரோஸ் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸுக்கும் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை கண் அறுவை. அன்றைக்குள் எமில் வீடு திரும்பாவிட்டால் வெர்னாவைக் காப்பகத்தில் சேர்ப்பதாக மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

எந்தக் காப்பகம் என்பதை வளாக இயக்குநர் விட்காம்ப் அம்மையார் நேரில் வந்து சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல செய்தி மிஸ்டர் பாபிக்! எங்க மூணாம் மாடியிலயே மறதிப் பிரிவு இருக்கு. உங்க மனைவிக்கு ஒரு இடம் எடுத்து வெச்சிருக்கோம். குடும்பம்னா சேர்ந்துதானே இருக்கணும்?"

"ஒரே ரூமுலயா?"

"ஒரே முகவரியில."

மூன்றாம் மாடிக்குப் பூட்டு உண்டு. புதன்கிழமை இரண்டிலிருந்து மூன்று வரை தம்பதியர் நேரம். "அன்னிக்கு ஒருத்தர் வந்து அக்கார்டியன் வாசிப்பார்," என்று இயக்குநர் சேர்த்துக்கொண்டார்.

"ஐம்பத்தியொரு வருஷமா அக்கார்டியன் இல்லாமலேதான் சமாளிச்சோம். நான் வீட்டுக்குப் போகணும். அதுக்கு என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, எமில் வீட்டுக்குத் தெருவிலிருந்து பதினாலு படி; அதை ஏற முடியும் என்று பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, நாற்பது மகிழ்ச்சிப் புள்ளிகள் சேர வேண்டும்.

நடைப்பயிற்சி தினம் அரை மணி நேரம். மகிழ்ச்சி ஆறு மணி நேரம். மகிழ்ச்சிக்குப் பொறுப்பு ட்ரெவர் என்ற சமூக வாழ்வு அதிகாரி. கைதட்டிக்கொண்டே நடப்பான், கைதட்டிக்கொண்டே கதவைத் திறப்பான். வட்டமாக உட்கார்ந்து பலூனைத் தட்டினால் ஒரு புள்ளி. 'இன்று நான் எதற்கு நன்றி சொல்கிறேன்' வட்டத்தில் வாய் திறந்தால் ஒன்று. சிரித்தபடி புகைப்படத்துக்கு நின்றால் இரண்டு; நிற்கக் கூடாது என்பதால் சிரித்தபடி உட்கார்ந்தால் இரண்டு.

எமில் பலூனைத் தட்டினார். வெர்னாவுக்காகத் தட்டினார். சம்மட்டி பிடித்த கை; இரண்டு பலூன் வெடித்தது. அரைப் புள்ளி குறைத்தார்கள்.

இரண்டாம் வாரம் 'எஃகுப் பாரம்பரிய தினம்' வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பனிப்பெட்டியிலிருந்து எடுத்த பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை மேலே சூடாகவும் நடுவில் கல்லாகவும் வைத்தார்கள். அப்புறம் ட்ரெவர் அட்டைப்பெட்டியில் செய்த உலைக்கு ஆரஞ்சுக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தான். ஆலையில் வாழ்நாளைத் தொலைத்த ஒன்பது கிழவர்கள் தலையில் காகிதத் தொப்பி மாட்டிவிட்டான். பிறகு அவர்களுக்கு ஆலை என்றால் என்ன என்று விளக்கினான்.

"அந்தக் காலத்துல தொழிலாளிங்க எல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டே சந்தோஷமா வேலைக்குப் போவாங்க. எமில், நீங்க சந்தோஷமான தொழிலாளியா நடிங்க பார்ப்போம்! மூணு புள்ளி!"

எமில் அட்டை உலையைப் பார்த்தார். "ஏம்ப்பா, டோனி மஸுர் உலைமூடி வழியா உள்ள விழுந்தானே. அந்தக் காட்சி எப்ப வருது? அதுல நான் நடிக்கிறேன். அவன் பூட்ஸ் மட்டும் மேல கிடந்துது. அத எடுத்துக்கிட்டுப் போய் அவன் பொண்டாட்டிகிட்ட குடுத்தவன் நான்தான்."

காகிதத் தொப்பிகள் ஒன்றொன்றாகக் கீழே இறங்கின. ட்ரெவர் கைதட்டப் போய், பாதியில் நிறுத்தினான். 'மனச்சோர்வைப் பரப்புதல்' என்று எமில் கணக்கில் ஐந்து புள்ளி போயிற்று.

"வாய மூடிக்கிட்டுப் புள்ளி வாங்குடா, முட்டாள்," என்றார் லெஸ். "செத்தவனுக்கு என்ன அவசரம்? வெர்னாவுக்குத்தான் அவசரம்."

படி விஷயம் அதைவிட மோசம். பயிற்சிக் கூடத்தில் மரத்தால் செய்த படி ஒன்று இருந்தது. ஏற நாலு, மறுபக்கம் இறங்க நாலு. எமில் மூன்றே நாளில் அதை ஏறி இறங்கினார்.

"அருமை!" என்றாள் பயிற்சியாளர். "நாலு படிக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"எனக்குப் பதினாலு வேணும்மா."

"எங்ககிட்ட நாலுதான் இருக்கு."

"மூணரை தடவை ஏறினா பதினாலு."

"அது ஒரே ஏத்தம் இல்லையே. நடுவுல இறங்கிடறீங்க."

"பின்பக்கம் பெரிய படிக்கட்டு இருக்கே, அதுல ஏறிக் காட்டறேன்."

"அது ஆபத்துக்கால வழி. தீப்பிடிச்சாதான் குடியிருப்போர் அதுல நடக்கலாம்."

"அப்ப தீ வெக்கட்டுமா?"

இதைக் கேட்டு லெஸ் மட்டும்தான் சிரித்தார். ஒரு மணி நேரத்தில் எமில் அறைக் கதவில் சிவப்பு வில்லை ஒட்டப்பட்டது. இரண்டு பேர் வந்து அலமாரியைக் கிளறி, ரோஸ் வைத்துவிட்டுப் போயிருந்த மெழுகுவர்த்தியைப் பறிமுதல் செய்தார்கள். அது பேட்டரியில் எரிவது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி இன்னொரு உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள்.

அன்றைக்கு அறையில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள் வின்சியா. ஹைட்டியிலிருந்து வந்தவள். பதினாலு பேரைக் குளிப்பாட்டி, துடைத்து, உடுத்தி, ஊட்டுவது அவள் ஒரு நாள் வேலை. முதுகில் பட்டை கட்டியிருப்பாள். அந்த முதுகை எமில் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டிருந்தார். ஆலையில் சுமை தூக்கியவர்களுக்கு அந்த முதுகுதான்.

"முஸ்யே எமில்," என்றாள். ஐயா என்பதற்கு அவள் ஊர்ச் சொல் அது. "பின்பக்கப் படி பதினாறு. நான் எண்ணியிருக்கேன்."

"எனக்குப் பதினாலு போதும்."

"ரெண்டு கொசுறு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு இடைவேளை. அந்த அரை மணிக்கு இவங்க எனக்குச் சம்பளம் தர்றதில்ல. அதனால அது என் சொந்த நேரம்."

"உனக்கு வேலை போயிடும், பொண்ணு."

"யாரு பாக்கப் போறா? அந்நேரம் எல்லாரும் மகிழ்ச்சியா இருப்பாங்க."

மறுநாள் இரண்டு மணிக்கு எமில் எழுந்தார். மெத்தை ஊளையிடுவதற்குள் லெஸ் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சீக்கிரம் வந்து தொலை. என் கையும் போயிடப் போகுது."

பின்படிக்கட்டில் சுண்ணாம்பு வாடை. வின்சியா சீருடைமேல் தன் சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவர் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து பிடித்தாள். "ஏறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது கெட்ட கால் முன்னால. நல்லவன் சொர்க்கத்துக்கு, கெட்டவன் நரகத்துக்கு. மறந்தீங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்து நரகத்துக்குத்தான்."

முதல் நாள் மூன்று படி. மூன்றாவதில் அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

"வலிக்குதா?"

"குறையொண்ணும்..."

"முஸ்யே. என்கிட்ட அந்தப் பேச்சு வேண்டாம். நான் உங்களைப் பிடிச்சிட்டிருக்கேன். வலிக்குதுன்னா எனக்குத் தெரியணும்."

எமில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வலிக்குது. நாய் கடிச்சுக் குதறற மாதிரி வலிக்குது."

"அப்பாடா. இப்ப உக்காருங்க."

ஒன்பது நாள். மூன்று, ஐந்து, எட்டு, பதினொன்று. பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமைக்குள் பதினாறும் ஏறி, பதினாறும் இறங்கினார். புள்ளிகள் முப்பத்தெட்டரை. மீதி ஒன்றரையை, நன்றி வட்டத்தில் கட்டுக்கட்டாக நன்றி சொல்லி லெஸ் தன் கணக்கிலிருந்து மாற்றிக்கொடுத்தார். ட்ரெவர் அதை 'நட்பு' என்று பதிந்துகொண்டான்.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். இயக்குநர், ட்ரெவர், பயிற்சியாளர், நடுவில் எமில். மேஜையில் ஒரு திரை. ஓரத்தில் வின்சியா நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

திரையில் எமில் படி ஏறினார். நல்ல கால், கெட்ட கால், கைப்பிடி. பதினாறாவது படியில் நின்று தொப்பியைக் கழற்றி வின்சியாவுக்கு வணக்கம் வைத்தார். படிக்கட்டுக் கேமரா தீயைப் பார்ப்பதற்காக வைத்தது. தீ இல்லாததால் அவரைப் பார்த்திருந்தது.

"ஏறிட்டார்!" என்றாள் பயிற்சியாளர். இயக்குநர் திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

"நாம இப்ப என்ன பார்த்தோம்?" என்று விட்காம்ப் அம்மையார் ஆரம்பித்தார். "அனுமதி இல்லாம ஒருத்தர் குணமாகியிருக்கார். எனக்கு இது எவ்வளவு வேதனைன்னு சொல்ல முடியாது. குணமாகறதுக்கு நாங்க எதிரி இல்ல. எங்க பலகையிலயே அதான் எழுதியிருக்கு. ஆனா அட்டவணையில இல்லாத குணம் ஒரு தொத்து வியாதி. இன்னிக்கு ஒருத்தர் படி ஏறுவார். நாளைக்கு எல்லாரும் ஏறுவாங்க. அப்புறம் இங்க யார் இருப்பாங்க?"

பயிற்சியாளர் நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தாள்.

"பாதுகாப்பா யார் இருப்பாங்கன்னு சொல்ல வந்தேன்," என்றார்.

"நான்தான் அவள வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன்," என்றார் எமில். "தப்பு என்னோடது. எழுதிக்குங்க."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "உங்களுக்குத் தீர்மானத் திறன் குறைவுன்னு பதிவாகியிருக்கு மிஸ்டர் பாபிக். அதனால உங்க ஒப்புதல் வாக்குமூலத்தை நாங்க ஏத்துக்க முடியாது."

"அப்ப என் கையெழுத்து?"

"அது செல்லும்."

இரண்டு காகிதங்களை நகர்த்தினார். இடதுபக்கம் உள்ளதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் காட்சி கோப்பில் சேராது. படி ஏறியதற்கு ஆதாரம் இல்லை. எமில் இன்னும் நாலு வாரம் இருப்பார், வெர்னா நாளைக்கு மூன்றாம் மாடிக்கு வருவாள். வின்சியாவுக்கு வாய்வழி எச்சரிக்கை மட்டும். வலதுபக்கம் உள்ளதில் போட்டால் காட்சி கோப்பில் சேரும். எமில் நாளைக் காலை வீட்டுக்குப் போகலாம். விதியை மீறியதற்கும் அதே காட்சிதான் ஆதாரம் என்பதால் வின்சியா இன்றே வேலையை விட்டுப் போவாள்.

"முடிவு முழுக்க உங்க கையில," என்றார் இயக்குநர். "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு."

எமில் பேனாவை எடுக்கவில்லை. உலைமேல் நின்ற காலத்தில் ஒரு முறை மேஸ்திரி அவரையும் இன்னொருவனையும் காட்டி, யாரை வேலையிலிருந்து நிறுத்தலாம், நீயே சொல் என்று கேட்டதுண்டு. அன்றைக்கு மேஸ்திரியின் சட்டையைப் பிடித்து மூன்று வாரம் சம்பளம் இழந்தார். இன்றைக்கு எழுந்து பாய நாற்காலியின் இருபுறமும் கையூன்றினார். மெத்தை ஊளையிட்டது. ட்ரெவர் ஓடிவந்து தோளை அழுத்தினான்.

"கையெழுத்துப் போடுங்க, முஸ்யே," என்றாள் வின்சியா. குரலில் கனிவு ஒன்றும் இல்லை, கோபம்தான். "வலப்பக்கம். ஒன்பது நாள் நான் சோறு திங்காம உங்க பட்டையைப் பிடிச்சிட்டு நின்னது இவங்க கூட்டம் போட்டுப் பேசறதுக்கா? உங்க வீட்டம்மா அங்க உக்காந்திருக்காங்க."

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"எனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியும். போடுங்க."

போட்டார். வலதுபக்கம். கையெழுத்து கோணிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை முன்கூடத்தில் பட்டமளிப்பு விழா. குணமாகிப் போகிறவர்களுக்கு நீல அங்கியும் சதுரத் தொப்பியும் உண்டு. ட்ரெவர் ஒரு மணியை ஆட்டினான். "எங்க சமூக வாழ்வுத் திட்டத்தால பதினாறு படி ஏறின எமில்!" என்று அறிவித்தான். விளம்பரத் தாளுக்குப் படம் எடுத்தார்கள். பின்படிக்கட்டுக் காட்சியையும் போடப் போவதாக இயக்குநர் சொன்னார். பட்டையைப் பிடித்திருக்கும் கையை மட்டும் வெட்டிவிடுவார்களாம். சுவரோரம் சக்கர நாற்காலியில் இருந்த லெஸ் கைதட்டவில்லை. தட்டாததற்கு அவருக்கு ஒரு புள்ளி போயிற்று.

வீட்டுக்கு முன்னால் டாக்ஸிக்காரன் கைகொடுக்க வந்தான். எமில் வேண்டாம் என்றார். பதினாலு படியையும் தனியாக ஏறினார். வெர்னா கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"எங்கய்யா போயிட்ட? சூப்பு ஆறிப்போச்சு."

"வந்துட்டேன் வெர்னா. நகரு, உக்காரணும்."

மாவட்ட அலுவலகப் பெண் பதினோரு மணிக்கு வந்து, அடுப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடிப்பதைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் ஒரு வரியைக் கோடிட்டு அடித்துவிட்டுப் போனாள். வெர்னா மூன்றாம் மாடிக்குப் போகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எமில் வளாகத்துக்குப் போன் செய்தார். வின்சியாவின் நம்பர் வேண்டும் என்றார்.

"குடும்பப் பேர் என்ன சார்?"

தெரியவில்லை. அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'உங்கள் குடும்பத்தில் ஒருத்தி, வின்சியா' என்றுதான் போட்டிருந்தது. குடும்பம் என்று போட்டவர்கள் குடும்பப் பெயர் போடவில்லை. அவரும் ஒன்பது நாளில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"அப்படி யாரும் எங்க குடும்பத்துல இல்லையே சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்தார். ஆற்றுக்கு அக்கரையில் உணவு அடைக்கும் ஆலையில் ஹைட்டிக்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடும் தேவாலயம் எது என்று ரோஸின் மகனிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அங்கே போய் நிற்க வேண்டும். நின்று என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றி என்று சொல்ல நாக்கு கூசியது. அந்தச் சொல்லை வட்டமாக உட்கார்ந்து தினமும் புள்ளிக்கு விற்றாயிற்று.

"யாருக்கு இத்தனை போன்?" என்றாள் வெர்னா.

"ஒரு பொண்ணுக்கு. அவளுக்கு நான் பாக்கி."

"எவ்வளவு?"

"காசு இல்ல வெர்னா. அவளோட வேலையை எடுத்துக்கிட்டு வந்து நான் இங்க உக்காந்திருக்கேன். ஒரு வேலை பாக்கி."